வாட்ஸ்அப்பில் வரும் வாடிக்கையாளருக்குப் பதில் சொல்லும் முறை

பத்தமடைப் பாயையோ திருநெல்வேலி அல்வாவையோ வெளியூருக்கு அனுப்பும் சிறு நிறுவனத்துக்கு இன்று கடைவாசல் என்பது பெரும்பாலும் ஒரு வாட்ஸ்அப் எண்தான். அந்த எண்ணில் பதில் எழுதுபவருக்கு, பொருளை மாற்றி அனுப்பவும் பணத்தைத் திருப்பித் தரவும் ஒரு தொகை வரை அதிகாரம் கொடுத்துவிடுங்கள். "அண்ணாச்சியிடம் கேட்டுச் சொல்கிறேன்" என்று மட்டுமே எழுதக்கூடியவரை அங்கே அமர்த்தினால் வாடிக்கையாளரின் காத்திருப்புதான் நீளும்.

சாதாரணச் செயலிக்குப் பதிலாக வாட்ஸ்அப் பிசினஸ் செயலியைப் பயன்படுத்துங்கள். பொருள், எடை, விலை ஆகியவற்றை அதன் கேட்டலாக்கில் (பொருள் பட்டியலில்) ஏற்றி, உரையாடல்களுக்குப் 'புதிய ஆர்டர்', 'பணம் வந்தது', 'அனுப்பியாயிற்று', 'புகார்' என்று லேபிள் இடுங்கள். முதன்மைக் கைப்பேசியோடு மேலும் நான்கு கருவிகளை இணைக்கலாம் என்பதால், கல்லாவில் இருப்பவரும் பார்சல் கட்டுபவரும் ஒரே உரையாடலைப் பார்க்க முடியும். கடை அடைத்த பின் தானாகச் செல்லும் செய்தியில், மறுநாள் எத்தனை மணிக்குப் பதில் வரும் என்பதை எழுதி வையுங்கள்.

மிகுந்த கவனம் வேண்டியது ஆர்டரை உறுதிசெய்யும் கட்டத்தில்தான். கல்யாணப் பாயில் மணமக்களின் பெயரை நெய்து தருவது பத்தமடையின் வழக்கம். நெய்த பின் ஓர் எழுத்தைக்கூடத் திருத்த இயலாது. ஆகவே பெயரைத் தொலைபேசியிலோ குரல் பதிவிலோ கேட்டு எழுதிக்கொள்ளாமல், வாடிக்கையாளரையே தட்டச்சு செய்து அனுப்பச் சொல்லி, பாயில் வரப்போகும் எழுத்துகளைத் தாளில் எழுதிப் படமெடுத்து அனுப்பி, அவர் "சரி" என்று எழுத்தில் ஒப்புக்கொண்ட பிறகே நெசவைத் தொடங்க வேண்டும். திருமணத் தேதியையும் அப்போதே கேட்டுவிடுங்கள். நுண்ணிய கோரைப் பாய்க்கு நாளாகும். அந்தத் தேதிக்குள் முடியாதெனில் முன்பணம் வாங்கும் முன்பே சொல்லிவிடுவதுதான் நேர்மை.

அல்வாப் பொட்டலத்தில் நெய் கசிந்துவிட்டதாகப் புகார் வந்தால், வருத்தம் தெரிவித்து, பொட்டலத்தையும் பார்சல் முகவரிச் சீட்டையும் ஒரே முறை படமெடுத்து அனுப்பக் கேளுங்கள். பிறகு என்ன செய்வீர்கள், எந்த நாளுக்குள் செய்வீர்கள் என்ற இரண்டையும் ஒரே செய்தியில் எழுதுங்கள். 2020-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகள் புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகத் தெரிவிக்கவும், ஒரு மாதத்துக்குள் தீர்க்கவும் சொல்கின்றன. உணவுப் பொருளுக்கு அவ்வளவு காலம் எடுத்துக்கொள்வது நியாயமாகாது. கூகுள் மதிப்புரையில் குறை எழுதியவருக்கு அங்கேயே சுருக்கமாக மறுமொழி அளியுங்கள். அவருடைய முகவரியையோ ஆர்டர் விவரத்தையோ பொதுவெளியில் இடாதீர்கள்.

பணம் வந்ததற்கு ஸ்கிரீன்ஷாட் சான்றாகாது. வங்கிக் கணக்கில் வரவைப் பார்த்த பிறகே பார்சலைக் கட்டுங்கள். பணத்தைத் திருப்பி அனுப்பும்போது, பெறுபவர் யுபிஐ பின்னையோ ஓடிபியையோ தர வேண்டியதில்லை என்பதையும் எழுதுங்கள். உங்கள் பெயரில் போலி எண் உலவினால், பணம் இழந்தவர்கள் உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930-ஐ அழைக்குமாறு தெரிவித்து, உங்கள் சரியான எண்ணைப் பார்சல் பெட்டியின் மீதும் கூகுள் வரைபடப் பக்கத்திலும் ஒரே மாதிரி இடம்பெறச் செய்யுங்கள்.