பல்துறை மாநாட்டில் பேசப் போகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

சொந்தத் துறைக் கருத்தரங்கில் பேசிய ஸ்லைடுகளை அப்படியே எடுத்துக்கொண்டு பல்துறை மாநாட்டுக்குப் போவதுதான் பலரும் செய்யும் தவறு. நானும் செய்திருக்கிறேன். பேசி முடித்ததும் ஒருவர் எழுந்து, "இதை ஏன் கண்டுபிடிக்க வேண்டும் என்று முதலில் சொல்ல முடியுமா?" என்று கேட்டார். பதினைந்து நிமிடமும் எப்படிச் செய்தோம் என்பதிலேயே போயிருந்தது.

நமக்குத் தெரிந்தது பிறருக்குத் தெரியாது என்பதை மனம் அவ்வளவு எளிதில் ஏற்காது. எலிசபெத் நியூட்டன் என்ற உளவியல் ஆய்வாளர் 1990இல் ஸ்டான்ஃபோர்டில் ஒரு சோதனை செய்தார். நன்கு தெரிந்த பாட்டின் தாளத்தை ஒருவர் மேசையில் தட்ட வேண்டும். கேட்பவர் அது என்ன பாட்டு என்று சொல்ல வேண்டும். பாதியாவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று தட்டியவர்கள் நம்பினார்கள். 120 பாட்டுகளில் பிடிபட்டவை மூன்றுதான். தட்டுபவர் மனதுக்குள் பாட்டு ஓடுகிறது. எதிரே இருப்பவருக்கு வெறும் டொக் டொக்.

அதனால் முதல் இரண்டு நிமிடங்களுக்குத்தான் அதிகம் உழைக்க வேண்டும். "மண்ணின் கரிமக் கார்பனைக் கணிக்க அகச்சிவப்பு நிறமாலையியலைப் பயன்படுத்தினோம்" என்று தொடங்கினால் அரங்கில் பாதிப் பேர் அங்கேயே விலகிவிடுவார்கள். இப்படித் தொடங்கிப் பாருங்கள்: "மண்ணில் எவ்வளவு கார்பன் இருக்கிறது என்று அறிய, மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்கிறோம். வயலில் நின்றபடியே, ஒளியைப் பாய்ச்சி அதைச் சொல்லிவிட முடியுமா?" வரலாற்று ஆய்வாளருக்கும் இப்போது விடை தெரிந்துகொள்ளத் தோன்றும்.

அடுத்தது கலைச்சொற்கள். புரியாத சொல்லைவிடப் புரிந்ததுபோல் தோன்றும் சொல்தான் ஆபத்து. பிளாஸ்மா என்றால் மருத்துவருக்கு ரத்தத்தின் திரவப் பகுதி, இயற்பியலாளருக்கு அயனியாக்கப்பட்ட வாயு. வெக்டர் என்றால் கணிதத்தில் அளவும் திசையும் கொண்டது. நோய்ப்பரவல் ஆய்வில் கொசுபோல நோயைப் பரப்பும் உயிரி. இவற்றையாவது சூழலை வைத்துப் பிரித்துக்கொள்ளலாம். 'சிக்னிஃபிகன்ட்' அப்படியல்ல. புள்ளியியலில் அதற்கு, தற்செயலாக மட்டும் இவ்வளவு வித்தியாசம் வருவது அரிது என்றுதான் பொருள். வித்தியாசம் மிகச் சிறியதாகவும் இருக்கலாம். கேட்பவரோ பெரிய விஷயம் என்று எடுத்துக்கொண்டு போய்விடுவார். யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள், ஏனென்றால் புரிந்துவிட்டது என்றே நினைப்பார்கள். இத்தகைய சொல் வரும் இடத்தில் ஒரு வரி விளக்கம் கொடுத்துவிடுங்கள்.

அதற்காகப் பள்ளிக் குழந்தைகளிடம் பேசுவதுபோல் இறங்கவும் வேண்டாம். எதிரே இருப்பவர்கள் தங்கள் துறையில் தேர்ந்தவர்கள். அவர்களுக்குப் பின்னணிதான் தெரியாது, தர்க்கம் புரியும். சான்று எவ்வளவு வலுவானது, எங்கே தடுமாறுகிறது என்பதைச் சொல்லாமல் விட்டால் உடனே கவனிப்பார்கள்.

வரைபடம் காட்டும்போது நேராக முடிவுக்குத் தாவாதீர்கள். "கீழே ஆண்டுகள், பக்கவாட்டில் கார்பன் அளவு, கோடு மேலே போனால் மண் வளமாகிறது" என்று சொல்லப் பத்து விநாடிதான் ஆகும். சிவப்பையும் பச்சையையும் மட்டும் வைத்து இரண்டு கோடுகளைப் பிரிக்கவும் வேண்டாம். இந்த இரு நிறங்களையும் பிரித்தறியச் சிரமப்படும் ஆண்கள் பலர் உண்டு. ஒரு கோட்டைப் புள்ளிக்கோடாக மாற்றினால் போதும்.

நேரம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 20 நிமிடம் என்றால் கேள்விகளும் அதில் அடக்கமா என்று முன்பே கேட்டுவிடுங்கள். முறையியல் விவரங்களைக் கடைசி ஸ்லைடுக்குப் பின்னால் வைத்திருந்தால், யாராவது கேட்கும்போது காட்டலாம்.

துறைக்குத் துறை பழக்கமும் மாறும். மானுடவியல், இலக்கியம் போன்ற துறைகளில் கட்டுரையை எழுதிவைத்து வாசிப்பது இயல்பு. பொருளியல் கருத்தரங்குகளில் பேச்சின் நடுவிலேயே குறுக்கிட்டுக் கேட்பார்கள். அது விரோதம் இல்லை. "ஏன் அப்படி அளந்தீர்கள்?" என்று வேறு துறைக்காரர் கேட்டால், உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் பெரும்பாலும் கேட்கிறார்.

சக ஆய்வாளர்கள் முன் மட்டும் ஒத்திகை பார்ப்பதும் தவறுதான். அவர்களுக்கு அந்தப் பாட்டு ஏற்கெனவே தெரியும். வேறு துறை நண்பர் ஒருவரை உட்காரவைத்துப் பேசுங்கள். "எப்படி இருந்தது?" என்று கேட்காதீர்கள், நன்றாக இருந்தது என்றுதான் சொல்வார். நீங்கள் என்ன கேள்விக்கு விடை தேடினீர்கள் என்று அவரையே சொல்லச் சொல்லுங்கள். முடிவைச் சரியாகச் சொல்லிவிட்டு, கேள்வியில் திணறினால், அந்த முதல் இரண்டு நிமிடத்தைத் திரும்ப எழுதுங்கள்.