நடுவயதில் எந்த முடி அலங்காரம் பொருந்தும்?
நாற்பதைக் கடந்த பெண்களுக்குப் பின்னலும் கொண்டையும்தான் பொருந்தும் என்பதை நான் ஏற்கவில்லை. வயதைவிட முடியின் அடர்த்தியையே பார்க்க வேண்டும். மாதவிடாய் நிற்கும் காலத்தையொட்டி ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைவதால் பலருக்கு முடி மெலிந்து நடுவகிடு அகலமாகத் தெரியத் தொடங்குகிறது. அப்போது வகிட்டைச் சற்றுப் பக்கவாட்டில் மாற்றி, தோளளவில் அடுக்கடுக்காக வெட்டிக்கொண்டால் முடி நிறைவாகத் தோன்றும். நெற்றியோர முடியை இறுக்கி இழுக்கும் உயரக் கொண்டையையும் குதிரைவாலையும் நாள்தோறும் போடாதீர்கள், ஏனெனில் ஆண்டுக்கணக்கில் தொடரும் அந்த இழுப்பால் வேர்கள் பாதிக்கப்பட்டு அவ்விடத்தில் முடி மீண்டும் வளராமலே போகக்கூடும். சென்னையின் புழுக்கத்தில், தலைக்குக் குளித்த ஈரத்தோடு கொண்டை போட்டு அலுவலகத்துக்கு விரையாமல், உலரவிட்டுத் தளர்வாகப் பின்னுங்கள். மல்லிகைச் சரத்தையும் ஒரே இடத்தில் கனமாகத் தொங்கவிட வேண்டாம். கழுத்தளவுக் குட்டை முடி பிடித்திருந்தால் தயங்காதீர்கள், அது புடவைக்கும் அழகாகவே இருக்கும்.