வேறொருவர் கணினியில் லினக்ஸ்: நிலைக்கும்படி மாற்றிக் கொடுப்பது எப்படி

விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இயங்குதளமான லினக்ஸை நிறுவ அரை மணி நேரம் போதும். ஆறு மாதம் கழித்தும் அது அந்தக் கணினியில் இருக்க வேண்டுமே, அதுதான் பெரிய வேலை. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இல்லாத, செயலி பழையதாகிவிட்ட கணினிகளுக்கு விண்டோஸ் 11 முறைப்படி கிடைக்காது. நன்றாக ஓடும் இந்தக் கணினிகளைக் குப்பைக்கு அனுப்பாமல் காப்பாற்ற லினக்ஸ் நல்ல வழி. ஆனால் நிறுவிக் கொடுக்கும் நமக்குக் கணினி பிடிக்கும். வாங்கிக்கொள்பவருக்கு அது வெறும் சாமான். அவருக்காகத்தான் இந்தக் குறிப்புகள்.

சாதாரணப் பயனருக்கு லினக்ஸ் சரிவருமா என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடைக்காது. அவர் தினமும் திறக்கும் நாலைந்து மென்பொருள்களைப் பார்த்தால், மேசையில் இருக்கும் பிரிண்டரைப் பார்த்தால், பதில் தெரிந்துவிடும். அதனால் வரிசையைத் தலைகீழாக்குங்கள்: முதலில் மென்பொருள், பிறகு வன்பொருள், கடைசியில்தான் இயங்குதளம்.

பிரான்சின் ஜாந்தார்மரி காவல் படை இப்படித்தான் செய்தது. 2005இல் விண்டோஸின் மேலேயே ஓப்பன் ஆஃபிஸ் என்ற அலுவலக மென்பொருளுக்கு மாறினார்கள். 2006இல் ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசரும் தண்டர்பேர்டு மின்னஞ்சல் மென்பொருளும் வந்தன. லினக்ஸின் ஒரு வகையான உபுண்டுவுக்குப் போனது 2008இலிருந்துதான். அதற்குள் தினமும் பார்க்கும் திரைகள் எல்லாம் பழகிவிட்டதால், அடியில் இருந்த இயங்குதளம் மாறியது பெரிய அதிர்ச்சியாக இல்லை. ஜெர்மனியின் மியூனிக் நகராட்சி 2013க்குள் ஏறக்குறைய 15,000 கணினிகளை லினக்ஸுக்கு மாற்றியது. 2017இல் விண்டோஸுக்கே திரும்ப முடிவெடுத்தது. காரணங்கள் பல. வெளியாருடன் கோப்புகளைப் பரிமாறும்போது வந்த சிக்கல், அங்கே ஓயாமல் எழுந்த புகார்களில் ஒன்று. வீட்டுக் கணினிக்கும் இதே பாடம்தான்.

முதல் மாதம் விண்டோஸிலேயே

ஒரு வாரம் அவர் எதையெல்லாம் திறக்கிறார் என்று எழுதி வையுங்கள். "பிரவுசர், வேர்டு, அவ்வளவுதான்" என்பார். நம்பாதீர்கள். மாதம் ஒருமுறை மட்டும் திறக்கும் கணக்கு மென்பொருள், வரித் தாக்கலுக்கான யூஎஸ்பி கையொப்பக் கருவி, யாரோ எழுதிக் கொடுத்த மேக்ரோ (தானாக வேலை செய்யும் சிறு நிரல்) ஓடும் எக்செல் கோப்பு, இவையெல்லாம் அவருக்கே நினைவிருக்காது.

ஃபயர்ஃபாக்ஸ், வேர்டு, எக்செல் வேலைகளுக்கான லிப்ரே ஆஃபிஸ், தண்டர்பேர்டு, வீடியோ பார்க்கும் விஎல்சி எல்லாமே விண்டோஸிலும் ஓடும். அவற்றை நிறுவி, பழைய மென்பொருள்களின் ஐகான்களை மட்டும் டெஸ்க்டாப்பிலிருந்து எடுத்துவிடுங்கள். மென்பொருளை நீக்க வேண்டாம். மூன்று நான்கு வாரம் ஓடட்டும். எந்த வேலைக்கு அவர் பழையதைத் தேடிப் போகிறாரோ, அதுவே தடை.

சில தடைகளைத் தாண்ட முடியாது. ஃபோட்டோஷாப்புக்கு லினக்ஸ் பதிப்பு இல்லை. வாலரண்ட், ஃபோர்ட்நைட் போன்ற விளையாட்டுகள் அவற்றின் ஏமாற்றுத் தடுப்பு முறை காரணமாக ஓடாது. ஸ்டீம் விளையாட்டுக் கடையில் உள்ள விளையாட்டுகள் பல, விண்டோஸ் விளையாட்டுகளை லினக்ஸில் ஓட்ட 2018இல் வந்த புரோட்டான் வழியாக நன்றாக ஓடும்; அதில் தயக்கம் வேண்டாம். பெரிய எக்செல் மேக்ரோக்களை லிப்ரே ஆஃபிஸ் பாதிதான் புரிந்துகொள்ளும். விண்டோஸ் மென்பொருள்களை லினக்ஸில் ஓடவைக்கும் ஒயின் வழியாக ஒரு மென்பொருளை ஓட்டிக் காட்டிவிடலாம்தான். ஆனால் ஒருவரின் பிழைப்பு அதை நம்பியிருந்தால் அந்த வழி வேண்டாம்: அடுத்த பதிப்பு வந்ததும் அது நின்றுபோகலாம், அப்போது நீங்கள் பக்கத்தில் இருக்க மாட்டீர்கள். இப்படி ஒரு மென்பொருள் தேவைப்பட்டால் அவர் விண்டோஸிலேயே இருக்கட்டும்.

ஆவணங்களைக் கொஞ்சம் உன்னிப்பாகப் பாருங்கள். கலிப்ரி எழுத்துருவில் அடித்த வேர்டு கோப்பை லினக்ஸில் திறந்தால், அதே அகலம் கொண்ட கார்லிட்டோ அந்த இடத்தில் வரும். வரிகள் அநேகமாக நகராது. தமிழில் அப்படி இல்லை. லதா, நிர்மலா எழுத்துருக்கள் லினக்ஸோடு வருவதில்லை. அவற்றின் இடத்தில் வரும் நோட்டோ சான்ஸ் தமிழ் அல்லது லோஹித் தமிழின் அகலம் வேறு. ஒரே பக்கத்தில் கச்சிதமாக முடிந்த விண்ணப்பம், கையெழுத்து வரியை மட்டும் இரண்டாம் பக்கத்துக்குத் தள்ளிவிடும். தீர்வு எளிது. இப்போதே, விண்டோஸில் இருக்கும்போதே, நோட்டோ சான்ஸ் தமிழை நிறுவி அதிலேயே எழுதப் பழக்குங்கள். வெளியே அனுப்புவதைப் பிடிஎஃப் ஆக அனுப்பச் சொல்லுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்புகள் இருந்தால் அவை புதிய கணினியில் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். லினக்ஸ் கெடுத்துவிட்டது என்று பழி வரும். அந்த எழுத்துருவையும் சேர்த்து நிறுவுங்கள், அல்லது கோப்புகளை ஒருங்குறிக்கு (யூனிகோடுக்கு) மாற்றிவிடுங்கள்.

பென் டிரைவில் ஒத்திகை

எதை நிறுவுவது என்று நெடுநாள் ஆராய வேண்டாம். லினக்ஸ் வகைகளில் லினக்ஸ் மின்ட், அதில் சினமன் என்ற திரை அமைப்பு கொண்ட பதிப்பு. கீழே பட்டை, இடது மூலையில் மெனு, வலது மூலையில் கடிகாரம் என்று பழகிய இடத்தில் எல்லாம் இருக்கும். 4 ஜிபி ராம் மட்டுமே உள்ள கணினிக்கு இன்னும் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. 8 ஜிபி இருந்தால் நிம்மதி, ஏனென்றால் நினைவகத்தைத் தின்பது பிரவுசர்தான், இயங்குதளம் அல்ல. இன்னும் சுழலும் ஹார்ட் டிஸ்க் இருந்தால் முதலில் எஸ்எஸ்டி (சுழலும் பாகம் இல்லாத வேகமான டிஸ்க்) வாங்குங்கள். எந்த இயங்குதளம் போட்டாலும் அந்த ஒன்றில் கிடைக்கும் வேகம் வேறெதிலும் கிடைக்காது.

8 ஜிபி பென் டிரைவ் போதும். மின்ட் தளத்திலிருந்து இறக்கும் நிறுவல் கோப்பான ஐஎஸ்ஓ ஏறக்குறைய 3 ஜிபி. இறக்கியதும் கோப்பு முழுதாக வந்ததா என்று காட்டும் அதன் ஷா-256 எண்ணைத் தளத்தில் உள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள். விண்டோஸில் 7-ஜிப் இருந்தால் கோப்பின்மேல் வலது சொடுக்கு மெனுவிலேயே அது வரும். பாதியில் அறுந்த பதிவிறக்கம், நிறுவும்போது 80 சதவீதத்தில் புரியாத பிழையாக வந்து நிற்கும். ரூஃபஸ் அல்லது எட்சர் என்ற மென்பொருள் கொண்டு பென் டிரைவில் எழுதுங்கள். ஐஎஸ்ஓவை வெறுமனே காப்பி செய்தால் கணினி அதிலிருந்து துவங்காது (பூட் ஆகாது). கணினியை இயக்கியதும் பூட் மெனுவுக்கு டெல், லெனோவோவில் பெரும்பாலும் எஃப்12, எச்பியில் எஃப்9.

பென் டிரைவிலிருந்து ஓடும்போது எதுவும் நிறுவப்படுவதில்லை, எதுவும் அழிவதுமில்லை. கொஞ்சம் மெதுவாக இருக்கும். அதை அவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். வைஃபை, ஸ்பீக்கர், ஹெட்போன், கேமரா, மைக், புளூடூத், திரை வெளிச்சம் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். மடிக்கணினியானால் மூடியை மூடி, ஐந்து நிமிடம் விட்டுத் திறந்து பாருங்கள். உறங்கி எழுவதில்தான் அதிகமாகச் சறுக்கும், இதைத்தான் யாரும் சோதிப்பதில்லை.

வைஃபை தெரியவில்லையா? பிராட்காம், சில ரியல்டெக் சிப்புகளில் இது நடக்கும். கைபேசியை யூஎஸ்பி கேபிளில் இணைத்து டெதரிங்கை இயக்குங்கள். வயர் இணைப்புபோல இணையம் வந்துவிடும். பிறகு டிரைவர்களை (வன்பொருளை இயக்கும் மென்பொருள்களை) நிறுவித் தரும் டிரைவர் மேனேஜரைத் திறந்தால் தேவையானது பட்டியலில் இருக்கலாம். அங்கும் இல்லையென்றால் லினக்ஸுக்கு ஒத்துவரும் சின்ன யூஎஸ்பி வைஃபை ஒன்று வாங்குவது, டிரைவரின் மூலநிரலைத் தேடி நாமே கட்டுவதைவிட மேல். அப்படிக் கட்டிய டிரைவர், லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் அடுத்து மாறும்போது உடையக்கூடும்.

பிரிண்டரைச் சோதிக்காமல் நிறுவவே கூடாது. ஏர்பிரிண்ட் ஆதரவுள்ள பிரிண்டர் என்றால் டிரைவரே வேண்டாம், ஒரே வைஃபையில் இருந்தால் தானாகத் தெரியும். ஸ்கேனரும் பெரும்பாலும் கூடவே வரும். பழைய மலிவு லேசர் பிரிண்டர்கள்தான் சிக்கல். பக்கத்தை வரையும் வேலையையே கணினியின் டிரைவரிடம் விட்டுவிடும் வகை அவை. உற்பத்தியாளர் லினக்ஸ் டிரைவர் தரவில்லையென்றால் வெறும் பெட்டிதான். ஒரு பக்கம் அச்சடித்து, ஒரு பக்கம் ஸ்கேன் செய்து பார்த்த பிறகே அடுத்த அடி.

நிறுவுதல்

இரண்டு இயங்குதளங்களையும் ஒரே டிஸ்கில் வைப்பது நடுநிலையான வழிபோலத் தோன்றும். எங்கள் பரிந்துரை அதுவல்ல. சின்னச் சிக்கல் வந்தாலும் அவர் விண்டோஸுக்குள் போய்விடுவார், லினக்ஸ் பழகவே பழகாது. அதைவிட நல்ல வழி: புதிய எஸ்எஸ்டி வாங்குங்கள், பழைய டிஸ்கை விண்டோஸோடு அப்படியே கழற்றி வையுங்கள், புதியதில் லினக்ஸைப் போடுங்கள். பிடிக்கவில்லையென்றால் பழைய டிஸ்கைத் திரும்ப மாட்ட ஐந்து நிமிடம். திரும்பும் வழி கையில் இருக்கிறது என்ற தைரியமே பலரை நிலைக்க வைக்கும்.

கழற்றும் முன் மூன்று வேலைகள். அவருடைய கோப்புகளை வெளி டிஸ்கில் நகலெடுங்கள். டிஸ்கைப் பூட்டிக் காக்கும் பிட்லாக்கர் இயங்குகிறதா என்று பார்த்து, இயங்கினால் 48 இலக்க மீட்பு எண்ணைத் தாளில் எழுதி வையுங்கள். பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரையில்) எதையாவது மாற்றினால் விண்டோஸ் அதைக் கேட்கக்கூடும், அந்த எண் இல்லாவிட்டால் கோப்புகள் போனதுதான். பவர் ஆப்ஷன்ஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிறுத்திவிட்டு விண்டோஸை முழுமையாக மூடுங்கள். இல்லையென்றால் டிஸ்க் பாதி உறக்கத்தில் இருக்கும், பிற்பாடு லினக்ஸில் மாட்டும்போது படிக்க மட்டுமே அனுமதி கிடைக்கும்.

நிறுவியின் கண்ணுக்கு எஸ்எஸ்டியே தெரியவில்லையென்றால் பயாஸில் சேமிப்பக முறை இன்டெல் ஆர்எஸ்டி அல்லது ரெய்டு என்று இருக்கலாம். ஏஎச்சிஐ என்று மாற்றுங்கள். பழைய விண்டோஸ் டிஸ்கைத் திரும்ப மாட்டினால் இதையும் பழையபடி மாற்ற வேண்டும், மறந்தால் நீலத்திரை. நிறுவும்போது பாட்டு, வீடியோ ஓடத் தேவையான மல்டிமீடியா கோடெக் பெட்டியில் டிக் செய்ய மறக்காதீர்கள்.

என்விடியா கிராஃபிக்ஸ் கார்டு உள்ள கணினியில் ஒரு திரை பலரைக் கவிழ்த்திருக்கிறது. செக்யூர் பூட் (நம்பகமான மென்பொருளை மட்டும் துவங்க விடும் பாதுகாப்பு) இயங்கும் கணினியில் டிரைவரை நிறுவும்போது புதிதாக ஒரு கடவுச்சொல் அமைக்கச் சொல்லும். மறுதொடக்கத்தில் நீலத்திரை ஒன்று வந்து, ஏதாவது விசையைத் தட்டச் சொல்லிப் பத்து வினாடிதான் காத்திருக்கும். தட்டி, என்ரோல் எம்ஓகே, கன்டினியூ, யெஸ் என்று போய் அந்தக் கடவுச்சொல்லைத் தர வேண்டும். ஏதோ பிழை என்று பயந்து விட்டுவிட்டால் டிரைவர் ஏறாது. திரை மங்கலான பெரிய எழுத்தில் நிற்கும், காரணமும் எங்கும் தெரியாது. டிரைவரை நீக்கி மறுபடி நிறுவினால் அந்தத் திரை திரும்ப வரும்.

கையில் கொடுப்பதற்கு முன்

தமிழ்த் தட்டச்சை நீங்களே அமைத்துக் கொடுங்கள். கீபோர்ட் லேஅவுட் பட்டியலில் தமிழ்99 இருக்கும், ஆனால் அது ஒரு விசைக்கு ஓர் எழுத்து மட்டுமே தரும். ம விசையை இரண்டுமுறை தட்டினால் தானாகப் புள்ளி வைத்து "ம்ம" ஆக்கும் விதி அதில் நடக்காது. சாஃப்ட்வேர் மேனேஜரில் தட்டச்சு முறைகளைத் தரும் ஐபஸ்-எம்17என் தொகுப்பை நிறுவி, இன்புட் மெத்தட் அமைப்பில் ஐபஸைத் தேர்ந்து, வெளியேறி மீண்டும் உள்நுழையுங்கள். பிறகு ஐபஸ் அமைப்பில் தமிழின் கீழ் தமிழ்99, ஃபொனெட்டிக், இன்ஸ்கிரிப்ட் என்று இருக்கும். அவருடைய விரல் பழகியதைச் சேருங்கள். லிப்ரே ஆஃபிஸிலும் பிரவுசரிலும் தனித்தனியே "அம்மா" என்று அடித்துப் பாருங்கள்.

லிப்ரே ஆஃபிஸின் ஆப்ஷன்ஸில், லோட் சேவ் பகுதியில், இயல்பு வடிவத்தை டாக்எக்ஸ், எக்ஸ்எல்எஸ்எக்ஸ் என்று மாற்றுங்கள். இதைச் செய்யாவிட்டால் அவர் முதலில் அனுப்பும் கோப்பே "திறக்கவில்லை" என்று திரும்பி வரலாம். வியூ மெனுவில் பட்டைகளை டேப் வடிவுக்கு மாற்றினால் வேர்டுபோல இருக்கும்.

இயங்குதளத்தின் பிரதிகளை எடுத்து வைக்கும் டைம்ஷிஃப்டை இயக்குங்கள், ஆனால் தினசரி இரண்டு, வாராந்திரம் இரண்டு பிரதிகளுக்கு மேல் வேண்டாம். சின்ன எஸ்எஸ்டியில் பிரதிகள் நிரம்பி இடம் தீர்ந்தால், கடவுச்சொல் சரியாக இருந்தும் உள்நுழைவுத் திரையே திரும்பத் திரும்ப வரும். டைம்ஷிஃப்ட் இயங்குதளத்தைத்தான் காக்கும்; புகைப்படங்களை அல்ல. அவற்றுக்குத் தனி பேக்கப் வேண்டும். அப்டேட் மேனேஜரில் தானியங்கி அப்டேட்டையும் பழைய கர்னல் நீக்கத்தையும் இயக்கிவிடுங்கள்.

அவருக்குச் சொல்லித்தர வேண்டியது மிகக் குறைவு. மென்பொருள் வேண்டுமானால் இணையத்தில் தேடி இஎக்ஸ்இ இறக்கக் கூடாது, சாஃப்ட்வேர் மேனேஜரில் தேட வேண்டும். யாரோ சொன்ன கட்டளையை டெர்மினலில் ஒட்டக் கூடாது. அப்டேட்டுக்குப் பிறகு திரை கறுப்பாக நின்றால், கணினியை இயக்கியதும் எஸ்கேப்பை ஒருமுறை மட்டும் தட்டி, அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் முந்தைய கர்னலைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பல முறை தட்டினால் மெனுவைத் தாண்டி வெறும் கட்டளைத் திரையில் போய் நிற்கும். இந்த மூன்றையும் தாளில் எழுதி ஒட்டிக் கொடுங்கள்.

முதல் இரண்டு வாரம் அவர் கேட்பதற்கெல்லாம் அன்றே பதில் சொல்லுங்கள். அந்த நாட்களில் தீராத சின்ன எரிச்சல்தான் பிறகு "எனக்குப் பழையதே போதும்" என்று வரும். மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை அப்டேட் உண்டு, ஆகவே புதிய பெரிய பதிப்பு வந்த நாளே தாவ வேண்டியதில்லை. ஆறு மாதம் ஆகியும் பழைய டிஸ்கை அவர் கேட்கவில்லையென்றால், அதில் விட்டுப்போன கோப்பு எதுவும் இல்லை என்று சேர்ந்து உட்கார்ந்து பார்த்து, அழித்து, ஒரு யூஎஸ்பி உறையில் (டிஸ்கை யூஎஸ்பியில் இணைக்க உதவும் பெட்டியில்) போட்டு, அவருடைய புகைப்படங்களுக்கான பேக்கப் டிஸ்காக ஆக்கிக் கொடுங்கள்.