முதல் வேப் வாங்குவது எப்படி? பிரிட்டனில் சிகரெட்டை விட நினைப்பவர்களுக்கு

இது பிரிட்டனில் இருந்துகொண்டு தினமும் சிகரெட் பிடிக்கும், 18 வயது நிரம்பியவர்களுக்கு மட்டும். வேப் என்பது நிகோட்டின் கலந்த திரவத்தைச் சூடாக்கி ஆவியாக இழுக்கும் இ-சிகரெட். சிகரெட் பழக்கமே இல்லாதவர் அதன் பக்கம் போக வேண்டாம். இது ஒன்றும் சத்து பானம் இல்லை. புகையிலை எரியாததால் தாரும் கார்பன் மோனாக்சைடும் உள்ளே போவதில்லை, சிகரெட்காரருக்கு அதுதான் லாபம். பல வருடம் இழுத்தால் என்ன ஆகும் என்பது இன்னும் முழுசாகத் தெரியாத விஷயம்.

நிகோட்டின் பேட்ச், சூயிங்கம் போதாதா என்று கேட்பவர்களுக்கு: 2019இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வு ஒன்றில் சுமார் 900 பேரை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். ஒரு வருடம் கழித்து சிகரெட்டை விட்டிருந்தவர்கள் வேப் பக்கம் 18 சதவீதம், பேட்ச், கம் பக்கம் 9.9 சதவீதம். ஆனால் வேப்பால் விட்டவர்களில் ஐந்தில் நான்கு பேர் அப்போதும் வேப் இழுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். இரண்டையும் தெரிந்துகொண்டு இறங்குங்கள்.

படி 1: முதலில் நிகோட்டின் அளவு

கடைக்குள் போனதும் எல்லோரும் கேட்பது "என்ன ஃப்ளேவர் இருக்கு?" என்று. கேட்க வேண்டியது அது இல்லை. "கெடுதல்தானே, குறைச்சலாவே ஆரம்பிப்போம்" என்று மில்லிலிட்டருக்கு 3 மில்லிகிராம் நிகோட்டின் உள்ள லிக்விட் (வேப் திரவம்) பாட்டிலை எடுத்துப் போகிறவர் மூன்றாம் நாள் மறுபடி சிகரெட் பாக்கெட் வாங்குவார். அவருக்கு மன உறுதி இல்லை என்று வீட்டில் திட்டுவார்கள். உண்மையில் அவர் உடம்பு கேட்ட நிகோட்டின் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். புற்றுநோயைக் கொண்டுவருவது புகை. நிகோட்டின் அடிமைப்படுத்தும் சரக்குதான், ஆனால் மாறும் காலத்தில் அதில் கஞ்சத்தனம் பார்க்கக் கூடாது.

பிரிட்டிஷ் சட்டப்படி ஒரு மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராம்தான் உச்சம். சில பாட்டிலில் 2% என்று போட்டிருக்கும், இரண்டும் ஒன்றுதான். நாளைக்கு ஒரு பாக்கெட் பிடிப்பவரும், எழுந்து அரை மணி நேரத்துக்குள் முதல் சிகரெட்டைப் பற்ற வைப்பவரும் 18 அல்லது 20இல் தொடங்கலாம். பத்து சிகரெட்டைச் சுற்றி என்றால் 10 அல்லது 12. தலை சுற்றினால், குமட்டினால் அளவு கூடிவிட்டது என்று அர்த்தம். கொஞ்ச நேரம் கீழே வையுங்கள். அரை மணிக்கு ஒருமுறை சிகரெட் ஞாபகம் வந்தால் குறைவு.

பாட்டிலில் "நிக் சால்ட்" (நிகோட்டின் உப்பு) என்று இருந்தால், அதே அளவு நிகோட்டினிலும் தொண்டையில் காரம் குறைவாக இருக்கும். 20 மில்லிகிராம் என்றால் முதலில் அதையே எடுங்கள். தொண்டையில் அந்த "அடி" விழுந்தால்தான் திருப்தி என்பவர்கள் சாதாரண நிகோட்டின் 18 வாங்கலாம்.

படி 2: கருவி

தீர்ந்ததும் தூக்கிப் போடும் (டிஸ்போசபிள்) வேப்புகளின் விற்பனை 2025 ஜூன் 1 முதல் இங்கே தடை. ஆகவே சார்ஜ் செய்து, திரும்ப நிரப்பும் "பாட் கிட்" போதும் (பாட் என்பது லிக்விட் ஊற்றும் சின்னக் கூடு). பொத்தான் வேண்டாம், இழுத்தாலே இயங்கும் வகை நல்லது. லிக்விடைச் சூடாக்கும் கம்பிச் சுருளான "காயில்" 0.8 ஓமிலிருந்து மேலே இருக்கட்டும் (ஓம் என்பது மின்தடை அளவு). சிகரெட்டைப் போல வாயில் இழுத்து, பிறகு நெஞ்சுக்குள் விடும் பாணிக்கு அதுதான் ஒத்துவரும். ஓம் மிகக் குறைவான காயிலோடு பெரிய மேகம் விடும் "சப்-ஓம்" கருவிகள் வேறு ரகம். அதில் 20 மில்லிகிராம் லிக்விடை ஊற்றவே கூடாது.

லிக்விட் 50/50 கலவையாக இருக்கட்டும், அதாவது பிஜி (புரோப்பிலீன் கிளைகோல்) பாதி, விஜி (காய்கறி கிளிசரின்) பாதி. 70 சதவீதத்துக்கு மேல் விஜி உள்ளது கெட்டியாக இருக்கும், சின்ன காயிலுக்குள் சரியாக ஊறாது, கருகும்.

படி 3: கடை

மூலைக் கடையைவிட வேப் கடைக்கே போங்கள். நிகோட்டின் உள்ள பாட்டில் 10 மில்லிலிட்டருக்கு மேல், பாட் 2 மில்லிலிட்டருக்கு மேல் என்றால் அது இங்கே விற்க அனுமதி இல்லாத சரக்கு. சந்தேகம் வந்தால் பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எம்எச்ஆர்ஏ (MHRA) இணையதளப் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். கிட், ஒரு உதிரி காயில் அல்லது பாட், இரண்டு பாட்டில் லிக்விட், இவ்வளவு போதும். முதல் பாட்டில் புகையிலைச் சுவையோ மென்தாலோ, உங்கள் இஷ்டம். பலருக்குச் சில வாரத்தில் பழச் சுவைக்கு நாக்கு மாறிவிடும்.

பணம் கொடுப்பதற்கு முன் உங்கள் கவுன்சிலின் ஸ்டாப் ஸ்மோக்கிங் சேவையை ஒரு போன் போட்டுக் கேளுங்கள். இங்கிலாந்தில் பல இடங்களில் ஆரம்ப கிட் இலவசமாகவே தருகிறார்கள், பேசி உதவ ஆளும் உண்டு. கர்ப்பமாக இருப்பவர்கள் நேராக மிட்வைஃபிடம் கேளுங்கள்.

படி 4: முதல் நாள்

பாட்டின் பக்கவாட்டில் சின்ன ரப்பர் மூடி இருக்கும். நகத்தால் நெம்பித் திறந்து, பாட்டில் முனையைச் சாய்த்து மெதுவாக அமுக்குங்கள். மேல் கோடு வரை நிரப்பாமல் கொஞ்சம் இடம் விடுங்கள். மூடியை அழுத்திவிட்டுப் பத்து நிமிடம் அப்படியே வையுங்கள். காயிலுக்குள் இருக்கும் பஞ்சு ஊற வேண்டும். பொறுக்காமல் உடனே இழுத்தால் பஞ்சு கருகி, என்ன செய்தாலும் போகாத எரிந்த வாடை வந்துவிடும். புது காயில்தான் போட வேண்டும்.

இழுப்பதும் வேறு. சிகரெட்டை இரண்டு நொடியில் வெடுக்கென்று இழுப்பீர்கள். இதை மெதுவாக, மூன்று நான்கு நொடி, சூடான டீயை உறிஞ்சுவதுபோல. பலமாக இழுத்தால் லிக்விட் வாய்க்குள் தெறிக்கும். நிகோட்டின் மெதுவாகத்தான் ஏறும், அதனால் நாள் முழுக்க அப்போதைக்கப்போது இரண்டு மூன்று இழுப்பு போதும். முதல் சில நாள் இருமல் சகஜம்.

பாட்டைக் கழற்றினால் அடியில் நீர்த்துளி நிற்கும். அது ஓட்டை இல்லை, ஆவி குளிர்ந்த ஈரம்தான், டிஷ்யூவால் துடையுங்கள். காயில் ஒன்று முதல் இரண்டு வாரம் வரும். சார்ஜ் ஏற்றும்போது தலையணை பக்கத்தில் வேண்டாம். லிக்விடை மருந்துபோல் பூட்டி வையுங்கள்: குழந்தை குடித்தால் விஷம்.

வேப்பும் சிகரெட்டும் சேர்ந்து ஓடினால் பலன் மிகக் கொஞ்சம். காலை சிகரெட்டை மட்டும் வைத்துக்கொள்கிறேன் என்பவர்கள் மறுபடி முழு பாக்கெட்டுக்குத் திரும்புவது சுலபம். முதல் வாரத்தில் வேப் கூடுதலாகப் போனாலும் போகட்டும், சிகரெட் பூஜ்யமாக இருக்கட்டும். பேட்சும் சேர்த்துப் போடலாமா என்பதை மருந்தகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

யாரும் சொல்லாத ஒன்று: சிகரெட் புகை கல்லீரலில் சில மருந்துகளையும் கஃபீனையும் வேகமாகக் கரைக்க வைக்கிறது. புகை நின்றதும் அந்த வேகம் குறையும். அதே இரண்டு டம்ளர் ஃபில்டர் காபி இரவில் தூக்கத்தைக் கெடுத்தால் வேப்பைக் குறை சொல்லாதீர்கள், காபியைக் குறையுங்கள். குளோசபின், ஒலன்சபின், தியோஃபிலின் எடுப்பவர்கள் சிகரெட்டை நிறுத்துவதற்கு முன்பே டாக்டரிடம் சொல்லியாக வேண்டும், மருந்தளவை மாற்ற வேண்டியிருக்கலாம்.

கடைசியாக, ஊருக்குப் போகிறவர்களுக்கு: இந்தியாவில் 2019 சட்டப்படி இ-சிகரெட்டைத் தயாரிப்பது, இறக்குமதி செய்வது, விற்பது எல்லாம் குற்றம், முதல் தடவைக்கே ஒரு வருடம் வரை சிறையோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ விழலாம். சிங்கப்பூரில் கையில் வைத்திருந்தாலே வழக்கு. பெட்டி கட்டும்போது வேப்பை இங்கேயே விட்டுவிட்டு, நிகோட்டின் பேட்சும் கம்மும் எடுத்துக்கொள்ளுங்கள். கம் தீர்ந்துவிட்டால் சென்னை மருந்துக் கடைகளிலேயே 2 மில்லிகிராம் கம் கிடைக்கும்.