டர்பனில் கேசுவல்டிக்குப் போகும் பெண்ணுக்கு: வலியைப் பதிய வைப்பது எப்படி

சாட்ஸ்வொர்த்தில் ஆர்.கே.கான் ஆகட்டும், ஃபீனிக்ஸில் மகாத்மா காந்தி நினைவு மருத்துவமனை ஆகட்டும், கேசுவல்டிக்குள் (அவசர சிகிச்சைப் பிரிவுக்குள்) போனதும் முதலில் பார்ப்பவர் டாக்டர் இல்லை. வாசலில் வகை பிரிக்கும் சிஸ்டர்தான். தென்னாப்பிரிக்க ட்ரையாஜ் அளவுகோலை வைத்து அவர் உங்களுக்கு ஒரு நிறம் கொடுப்பார். சிவப்பு என்றால் உடனே, ஆரஞ்சு 10 நிமிடத்துக்குள், மஞ்சள் ஒரு மணி நேரத்துக்குள், பச்சை நான்கு மணி நேரத்துக்குள். கூட்டம் அதிகமான இரவில் இந்தக் கணக்கு நிற்காது. ஆனாலும் யார் முன்னே, யார் பின்னே என்பது அந்த நிறத்தில்தான் முடிவாகிறது.

நாடித்துடிப்பு, மூச்சு, இரத்த அழுத்தம், காய்ச்சல் எல்லாவற்றுக்கும் கருவி இருக்கிறது. வலிக்குக் கருவி இல்லை, நீங்கள் சொல்லும் சொல்தான். அளவுகோலில் நெஞ்சுவலி என்றால் ஆரஞ்சு. கடும் வலி ஆரஞ்சு, நடுத்தர வலி மஞ்சள். நம் பெண்களோ, "வாயு பிடிச்சிருக்கு போல", "கொஞ்சம் படபடப்பு", "ராத்திரி சாப்பிட்டது சேரலை" என்று ஆரம்பிப்பார்கள். பக்கத்தில் நிற்கும் மகன் "அம்மாவுக்கு டென்ஷன்" என்று முடித்து வைப்பான். சிஸ்டர் எழுதுவது வயிற்று உபாதை அல்லது பதற்றம். அடுத்து வரும் டாக்டர் அந்தச் சீட்டைப் படித்துவிட்டுத்தான் உங்கள் முகத்தைப் பார்ப்பார். பாரபட்சம் பெரும்பாலும் இப்படித்தான் உள்ளே வருகிறது: ஒருவருடைய கெட்ட எண்ணத்தால் அல்ல, நாலு பேர் ஆளுக்குக் கொஞ்சம் குறைத்துச் சொல்வதால்.

அதனால் முதல் வாக்கியத்தை வீட்டிலேயே தயார் செய்துகொள்ளுங்கள். எங்கே, எப்போதிலிருந்து, எங்கே பரவுகிறது, கூட என்ன, ஏற்கெனவே என்ன நோய். உதாரணமாக: "காலை ஆறு மணியிலிருந்து நடு நெஞ்சில் அழுத்தம். தாடைக்கும் முதுகுக்கும் போகுது. வியர்க்குது, குமட்டுது. எனக்குச் சர்க்கரை இருக்கு." வாயு, டென்ஷன் என்ற உங்கள் சொந்தத் தீர்ப்பை அதில் சேர்க்க வேண்டாம், அதைக் கண்டுபிடிப்பது அவர்கள் வேலை. மிகைப்படுத்தவும் வேண்டாம். செல்போனில் பேசிக்கொண்டே "பத்துக்குப் பத்து வலி" என்றால் யாரும் நம்பமாட்டார்கள். எதைச் செய்ய முடியவில்லை என்று சொன்னால் எடுபடும்: "மாடிப்படி நாலு ஏறினாலே நிக்க வேண்டியிருக்கு", "ராத்திரி படுக்க முடியலை, உட்கார்ந்தே இருந்தேன்."

பெண்களுக்கு மாரடைப்பில் நெஞ்சுவலியே வராது என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி தவறு. பெரும்பாலோருக்கு வருகிறது. அதோடு மூச்சிறைப்பு, குமட்டல், தாடை வலி, முதுகு வலி, காரணமில்லாத அசதி ஆகியவை ஆண்களைவிட அதிகமாகச் சேர்ந்து வருவதால், கேட்பவரின் கவனம் அந்தப் பக்கம் போய்விடுகிறது. எனவே நெஞ்சை முதலில் சொல்லுங்கள், மற்றவை பின்னால். நெஞ்சுவலி தொடங்கியதும் ஆம்புலன்ஸுக்கு 10177-ஐ அழையுங்கள், செல்போனிலிருந்து 112. ஆஸ்பிரின் ஒவ்வாமையோ இரத்தக்கசிவு நோயோ இல்லாதவர் 300 மில்லிகிராம் ஆஸ்பிரினை மென்று விழுங்கலாம்.

டாக்டர்கள் அடிக்கடி கேட்கத் தவறும் மூன்று விஷயங்கள் உண்டு: கர்ப்ப காலத்தில் சர்க்கரை வந்ததா, பிரசவத்தின்போது இரத்த அழுத்தம் ஏறியதா, நாற்பது வயதுக்கு முன்பே மாதவிலக்கு நின்றதா. மூன்றுமே பிற்காலத்தில் இதயநோய்க்கான வாய்ப்பைக் கூட்டுபவை. முப்பது வருஷத்துக்கு முந்தைய பிரசவம்தானே என்று விடாமல் ஒரு சீட்டில் எழுதிக் கைப்பையில் வையுங்கள். தினமும் சாப்பிடும் மாத்திரைகளின் பெயரும் அளவும் அதிலேயே இருக்கட்டும். தெற்காசிய வம்சாவளியினருக்குச் சர்க்கரையும் இதயநோயும் இளவயதிலேயே வருகின்றன. நமக்கு இடுப்புச் சுற்றளவின் எல்லை பெண்ணுக்கு 80 சென்டிமீட்டர், ஆணுக்கு 90. மற்றவர் கண்ணுக்கு நீங்கள் ஒல்லியாகத் தெரிவது கணக்கில் வராது.

நெஞ்சுவலி என்று வந்தவருக்கு 10 நிமிடத்துக்குள் ஈசிஜி எடுக்க வேண்டும் என்பது மருத்துவ விதி. முதல் ஈசிஜி சரியாக இருந்தால் விஷயம் முடிந்ததாக அர்த்தமில்லை. வலி நிற்காவிட்டால் மறுபடி எடுக்க வேண்டும். டிரோபோனின் (இதயத் தசை பாதிக்கப்பட்டால் இரத்தத்தில் ஏறும் புரதம்) இரத்தப் பரிசோதனையும் பெரும்பாலும் சில மணி நேர இடைவெளியில் இரண்டாவது முறை தேவைப்படும், ஏனென்றால் தொடக்கத்தில் அந்த எண் ஏறியிருக்காது. இங்கே இன்னொரு சிக்கல். மிகுநுண் டிரோபோனின் ஐ பரிசோதனை ஒன்றில் இயல்பு நிலையின் மேல் எல்லை பெண்ணுக்கு லிட்டருக்கு 16 நானோகிராம், ஆணுக்கு 34. சீட்டில் ஒரே ஒரு எல்லையை அச்சிட்டால் 25 என்று வந்த பெண் "நார்மல்" ஆகிவிடுவார். ஒவ்வொரு ஆய்வகத்தின் கருவிக்கும் எல்லை வேறு. ஆகவே எண்ணைச் சொல்லி வாதாட வேண்டாம். "இந்த எல்லை பெண்களுக்கானதா, இருவருக்கும் பொதுவா?" என்று மட்டும் கேளுங்கள்.

பதற்றம்தான் என்று வீட்டுக்கு அனுப்பப் பார்த்தால் சண்டை வேண்டாம், ஒரு கேள்வி போதும்: "டாக்டர், பதற்றம்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி எதெல்லாம் இல்லைன்னு பார்த்தீங்க? அதை ஃபைல்ல எழுதிடுங்க." எழுத உட்காரும்போது விட்டுப்போனது பலருக்கு ஞாபகம் வரும். பதற்றமும் நிஜ நோய்தான், அதற்கும் சிகிச்சை உண்டு. எதையும் பார்க்காமல் அந்தப் பெயரை ஒட்டுவதுதான் தவறு.

மருந்தின் அளவையும் கேளுங்கள். தூக்கமாத்திரை சோல்பிடெம் பல ஆண்டு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே அளவில் கொடுக்கப்பட்டது. பெண்ணின் உடலிலிருந்து அது மெதுவாக வெளியேறுவதால், காலையில் வண்டி ஓட்டும்போதும் மயக்கம் மிஞ்சியது. அமெரிக்க மருந்து நிர்வாகம் 2013-இல்தான் சாதாரண மாத்திரையில் பெண்ணுக்கான அளவை 10-லிருந்து 5 மில்லிகிராமாகக் குறைத்தது.

ஆங்கிலமும் ஜூலுவும் சரளமாக வராத பாட்டிகளுக்கும், தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வந்தவர்களுக்கும்: தென்னாப்பிரிக்காவின் 2003-ஆம் ஆண்டு தேசிய சுகாதாரச் சட்டம் 6-ஆம் பிரிவின்படி, முடிந்தவரை நோயாளிக்குப் புரியும் மொழியில் விளக்க வேண்டும். கணவரையோ மகனையோ வைத்து மொழிபெயர்த்தால் மாதவிலக்கு, வெள்ளைப்படுதல், வீட்டில் அடி எதுவும் வெளியே வராது. அக்காவோ தோழியோ கூட வரட்டும். "முதல்ல தனியாப் பேசணும்" என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

கையெழுத்து விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். கருத்தடை அறுவைக்கு 18 வயதுக்கு மேற்பட்ட பெண்ணின் சொந்தச் சம்மதம் போதும். கணவர் கையெழுத்து சட்டப்படி தேவையில்லை. பிரசவ வலியில் துடிக்கும்போது நீட்டும் தாளில் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். எச்ஐவி உள்ள 48 பெண்களுக்குச் சரியான சம்மதமின்றிக் கருத்தடை செய்யப்பட்டது பற்றி பாலினச் சமத்துவ ஆணையம் விசாரித்து 2020-இல் அறிக்கை வெளியிட்டது. வலியின் நடுவே படிவத்தை நீட்டியதும் அதில் வெளிவந்தது.

புகார் என்றால் முதலில் மருத்துவமனைக்கே எழுத்தில் கொடுங்கள்: தேதி, நேரம், யார் என்ன சொன்னார், எது செய்யப்படவில்லை. கோபத்தைவிட நேரக்குறிப்பு பலன் தரும். பதில் வராவிட்டால் சுகாதாரக் குறைதீர்ப்பாளர். தனியார் மருத்துவமனையும் அவர் வரம்புக்குள்தான். குறிப்பிட்ட டாக்டர் மீதென்றால் மருத்துவத் தொழில் கவுன்சில். மெடிக்கல் எய்ட் (தனியார் மருத்துவக் காப்பீடு) பணம் மறுத்தால் மருத்துவத் திட்டங்கள் கவுன்சில். ஃபைல் நகல் தகவல் பெறும் சட்டப்படி கிடைக்கும். பதில் தர அவர்களுக்கு 30 நாள்.

ஆனால் ஒவ்வொரு பெண்ணும் தனித்தனியாகப் போராடினால் வகை பிரிக்கும் மேசையின் பழக்கம் மாறாது. அரசு மருத்துவமனைக்கு நிர்வாகக் குழுவும், கிளினிக்குக்கு ஊர் மக்களும் கவுன்சிலரும் உள்ள குழுவும் இருக்க வேண்டும் என்று தேசிய சுகாதாரச் சட்டம் சொல்கிறது. கோயில் மகளிர் குழு அங்கே கேட்க வேண்டியது ஒரு சின்னக் கணக்கு: நெஞ்சுவலியோடு வந்த கடைசி 30 ஆண்கள், 30 பெண்கள், வந்த நேரம், கிடைத்த நிறம், ஈசிஜி எடுத்த நேரம். பெயர் வெளியே வரக்கூடாது, எண்ணுவது ஊழியர்களே. சராசரி பார்க்காதீர்கள், ஒருவர் ஆறு மணி நேரம் காத்திருந்தால் எல்லாம் குழம்பிவிடும். நேரங்களைச் சிறிதிலிருந்து பெரிதாக அடுக்கி, நடுவில் வரும் எண்ணைப் பாருங்கள். வயதும் ஒத்திருக்க வேண்டும், 45 வயதுக்கு மேல் என்று இரு பக்கமும் வரம்பு வையுங்கள்.

இந்தக் கணக்கில் ஒரு பொறி இருக்கிறது. வாயு, பதற்றம் என்று பதிவான பெண்கள் அந்த 30-க்குள் வரவேமாட்டார்கள். அதனால் முடிவு அழகாகத் தெரியும். ஆகவே 72 மணி நேரத்துக்குள் திரும்பி வந்து இதயநோய் என்று உறுதியான எல்லோரையும் தனியாக எடுத்து, முதல் தடவை சீட்டில் என்ன எழுதியிருந்தது என்று பார்க்கச் சொல்லுங்கள். ஆறு மாதம் கழித்து அதே விவரங்களோடு இன்னொரு தடவை எண்ணச் சொல்லுங்கள், அந்தத் தேதியைக் கூட்டக் குறிப்பேட்டில் எழுதிய பிறகே எழுந்திருங்கள்.