விருந்தாளிகளோடு மாமல்லபுரம் போகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

ஊரிலிருந்து சித்தப்பா குடும்பம் வந்தாலும் சரி, யாழ்ப்பாணத்திலிருந்தோ கோலாலம்பூரிலிருந்தோ சொந்தக்காரர்கள் வந்தாலும் சரி, சென்னையில் இருப்பவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது மாமல்லபுரம்தான். நல்ல தேர்வு. ஐம்பத்தைந்து, அறுபது கிலோமீட்டர் தூரம், ஒரே நாளில் போய்த் திரும்பிவிடலாம், 1984-லேயே யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த இடத்தைப் பார்க்க ஆளுக்கு 40 ரூபாய் டிக்கெட், அதிலும் பதினைந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு இலவசம். இவ்வளவு இருந்தும் பல குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் செலவழித்து, வெயிலில் வாடி, சிற்பங்களை நின்று பார்க்காமலேயே திரும்பி வருகின்றன.

பெரிய தவறு, ஒரே நாளில் எல்லாவற்றையும் முடித்துவிட வேண்டும் என்று கிளம்புவது. "வந்ததே வந்தோம், காஞ்சிபுரத்தையும் பார்த்துவிடலாம்" என்று யாராவது ஒருவர் சொல்வார், எல்லோரும் தலையாட்டுவார்கள். மாமல்லபுரத்திலிருந்து காஞ்சிபுரம் இன்னொரு அறுபத்தைந்து கிலோமீட்டர். காலையில் கடற்கரைக் கோயிலைப் பார்த்துவிட்டு அங்கே போய்ச் சேரும்போது மதியமாகிவிடும், கோயில்களை பன்னிரண்டு, பன்னிரண்டரைக்கு நடை சாத்தினால் மறுபடி நான்கு மணிக்குத்தான் திறப்பார்கள். அந்த மூன்று நான்கு மணி நேரமும் ஏதாவது பட்டுப்புடவைக் கடையில்தான் போகும், பட்ஜெட்டும் அங்கேயே போய்விடும். காஞ்சிபுரத்துக்குத் தனியாக ஒரு நாள் கொடுங்கள், அதற்கு அந்த மரியாதை தகும். அதேபோல வழியில் இருக்கும் தட்சிணசித்ரா என்ற பழைய வீடுகளின் அருங்காட்சியகம், முட்டுக்காடு படகுத்துறை, முதலைப் பண்ணை எல்லாவற்றையும் ஒரே பட்டியலில் போடாதீர்கள். மாமல்லபுரத்தோடு இன்னும் ஒன்று, அதுவும் பிள்ளைகள் சோர்ந்து போகாமல் இருந்தால்.

அந்த இன்னொன்றைத் தேர்ந்தெடுக்கும்போது கிழமையைப் பாருங்கள். தட்சிணசித்ராவுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. வண்டலூர் உயிரியல் பூங்காவுக்கும் செவ்வாய்தான். சென்னையிலேயே சுற்றலாம் என்று எழும்பூர் அருங்காட்சியகத்தை வைத்திருந்தால் அதற்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. ஞாயிறு தவிர மற்ற நாளெல்லாம் திறந்திருக்கும் என்று நினைத்து, கூட்டத்துக்குப் பயந்து வாரநாளில் விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பூட்டிய கதவின் முன்னால் நிற்கிறவர்களை அடிக்கடி பார்க்கலாம். காணும் பொங்கலன்று மட்டும் இந்தப் பக்கமே வேண்டாம்; மெரினா, வண்டலூர், மாமல்லபுரம் மூன்றிலும் அன்றைக்கு நிற்க இடமிருக்காது, சின்னப் பிள்ளைகள் கை நழுவிப் போகிற நாள் அது.

அடுத்தது நேரம். ஒன்பது மணிக்கு டிபன் சாப்பிட்டு, பத்துக்குக் கிளம்பி, பன்னிரண்டு மணி வெயிலில் ஐந்து ரதத்தின் முன்னால் போய் இறங்குவது. அங்கே ஒதுங்க நிழல் குறைவு, மணலும் பாறையும் கொதிக்கும், வயதானவர்கள் அத்தோடு வண்டிக்குத் திரும்பிவிடுவார்கள். அங்கே காலை ஆறு மணியிலிருந்து மாலை ஆறு வரை பார்க்கலாம். ஆகவே விடியும்போதே கிளம்பி முதலில் கடற்கரைக் கோயிலுக்குப் போங்கள், கிழக்கு வெளிச்சம் அதன்மேல் விழும் நேரத்தில் பார்ப்பதற்கு ஈடே கிடையாது. பிறகு ஐந்து ரதம், அதற்கப்புறம் வெயில் ஏறும்போது குகை மண்டபங்களுக்கு வந்துவிடுங்கள். கிருஷ்ண மண்டபத்துக்குள் நிழலில் உட்கார்ந்து, பால் கறக்கிற ஆயனையும், கன்றை நக்கிக்கொடுக்கிற பசுவையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். பக்கத்திலேயே அர்ச்சுனன் தபசு என்ற பெரிய பாறைச் சிற்பம். அந்தப் பாறையில் பின்னங்காலில் நின்று தவம் செய்கிற பூனையையும் அதன் காலடியில் இருக்கும் எலிகளையும் நீங்களே கண்டுபிடியுங்கள் என்று பிள்ளைகளிடம் சொன்னால் அரை மணி நேரம் அங்கேயே நிற்பார்கள். காசும் வேண்டாம், சாலையோரத்தில் நின்றே பார்க்கலாம். காலையில் முடியாதென்றால் மூன்று மணிக்கு மேல் போய்ச் சேருங்கள், ஆனால் அப்போது பாதியைத்தான் பார்க்க முடியும் என்பதை முன்பே ஏற்றுக்கொள்ளுங்கள்.

டிக்கெட் விஷயத்தில் பலர் வீணாகப் பணம் கொடுக்கிறார்கள். கடற்கரைக் கோயிலில் வாங்கிய டிக்கெட்டே அன்றைக்கு ஐந்து ரதத்துக்கும் செல்லும், வெளியே வந்ததும் கசக்கிப் போட்டுவிடாதீர்கள். அடுத்து, வெளிநாட்டவருக்கு 600 ரூபாய் என்று பலகையில் பார்த்ததும் வெளிநாட்டிலிருந்து வந்த எல்லோருக்கும் 600 கட்டிவிடுவது. இலங்கையிலிருந்து வந்தவர்கள் சார்க் என்ற தெற்காசியக் கூட்டமைப்பு நாட்டவர், அவர்களுக்கும் இந்தியர்களுக்குள்ள அதே 40 ரூபாய்தான், பாஸ்போர்ட்டைக் காட்ட வேண்டும். மலேசியா, சிங்கப்பூர், கனடா சொந்தங்களிடம் ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தருவது) இருந்தால் அவர்களுக்கும் இந்தியர் கட்டணமே. அட்டையை வீட்டில் பெட்டிக்குள் வைத்துவிட்டு வந்தால் கவுண்டரில் வாதாடிப் பயனில்லை. நான்கு பேர் என்றால் 2,240 ரூபாய் வித்தியாசம், அதில் எல்லோரும் நல்ல மதியச் சாப்பாடே சாப்பிட்டுவிடலாம். கிளம்புவதற்கு முந்தின ராத்திரியே கேட்டு எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

பெரியவர்களின் முழங்காலை மறந்துவிட்டுத் திட்டம் போடுவதும் அடிக்கடி நடக்கிறது. ஐந்து ரதம் சமதரை, அர்ச்சுனன் தபசு சாலையோரம், இவை இரண்டும் எல்லோருக்கும் ஏற்றவை. குன்றின் மேலே இருக்கும் மண்டபங்களும் கலங்கரை விளக்கமும் அப்படியில்லை. பாட்டியையும் கைப்பிடித்து ஏற்றிவிட்டு, அவர் எங்கே விழுந்துவிடுவாரோ என்ற பயத்திலேயே யாரும் எதையும் பார்க்காமல் இறங்குவதைவிட, கீழே நிழலில் ஒருவர் அவரோடு உட்கார்ந்துகொண்டு மற்றவர்கள் ஏறிவிட்டு வரலாம். வெண்ணெய் உருண்டை என்று சொல்கிற பெரிய உருண்டைப் பாறைக்குப் பக்கத்துச் சரிவுப் பாறை வழுவழுப்பாக இருக்கும், பிள்ளைகள் சறுக்கி விளையாட ஆசைப்படுவார்கள், ஒரு பெரியவர் கீழே நிற்க வேண்டும்.

வண்டி பேசும்போது நாள் வாடகையை மட்டும் கேட்டுவிட்டுச் சரி என்று சொல்லிவிடாதீர்கள். எத்தனை மணி நேரம், எத்தனை கிலோமீட்டர், அதற்கு மேல் போனால் எவ்வளவு, ஈசிஆர் என்கிற கிழக்குக் கடற்கரைச் சாலையில் சுங்கம் யார் கட்டுவது, டிரைவர் பேட்டா சேர்த்தா, பார்க்கிங் யார் பொறுப்பு, இவ்வளவையும் கேளுங்கள், முடிந்தால் வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள். மூன்று நான்கு பேர்தான் என்றால் பேருந்தே போதும். பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் மட்டும்தான், டீலக்ஸிலும் ஏசியிலும் கிடையாது, ஏறும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். வழிகாட்டி வைத்தால் அடையாள அட்டையைப் பார்த்து, தொகையை முதலிலேயே பேசி முடியுங்கள், தமிழில் சொல்லச் சொல்லுங்கள். கற்சிலை வாங்குவதை எப்போதும் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள், மாக்கல்லா கருங்கல்லா என்று கேட்டு வாங்குங்கள், விலையில் பெரிய வித்தியாசம் உண்டு.

இனிச் சொல்வது செலவைப் பற்றியதல்ல. கடற்கரைக் கோயிலை ஒட்டிய கடலில் பிள்ளைகளை இறக்காதீர்கள். முழங்கால் அளவு தண்ணீர்தானே என்று தோன்றும், ஆனால் அலை திரும்பும்போது காலடி மணலோடு சேர்த்து இழுக்கும், உயிர்கள் போயிருக்கின்றன. வெளியூரிலிருந்து வந்தவர்களுக்கு, அதுவும் ஆற்றிலும் கிணற்றிலும் நீந்திப் பழகினவர்களுக்கு, இந்தக் கடல் பழக்கமில்லை, "எனக்கு நீச்சல் தெரியும்" என்பதைக் கேட்டுக்கொண்டு விடாதீர்கள். அலையில் கால் நனைத்தே தீர வேண்டும் என்றால் திரும்பும் வழியில் கோவளத்தில் இறங்குங்கள். 2021-ல், சுத்தமும் பாதுகாப்பும் உள்ள கடற்கரைகளுக்குத் தருகிற நீலக்கொடிச் சான்று பெற்ற கடற்கரை, உயிர்காப்பாளர்கள் இருப்பார்கள், உடை மாற்ற இடமும் கழிப்பறையும் உண்டு. அங்கேயும் அவர்கள் சொல்கிற எல்லைக்குள்தான்.

சாப்பாட்டுக்குப் புளிசாதமும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு போனால் மதியம் நிம்மதி, தயிர்சாதத்தை மட்டும் பால் சேர்த்துப் பிசைந்து எடுங்கள், வெயிலுக்குப் புளிக்காது. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். கடற்கரையில் மீன் வறுவல் வாங்கினால் துண்டுக்கா எடைக்கா என்று விலையைக் கேட்ட பிறகே பொரிக்கச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் மாலை ஐந்து மணிக்கும் எட்டு மணிக்கும் நடுவே ஈசிஆரில் ஏறாதீர்கள், நான்கு மணிக்கு முன்பே புறப்படுங்கள், இல்லையென்றால் அங்கேயே ராத்திரி டிபனை முடித்துவிட்டு நிதானமாகக் கிளம்புங்கள்.