வேலை, சபை, பிள்ளைகள்: குணசாலிப் பெண்கள் செய்யும் தவறுகள்

அன்னையர் தின ஆராதனையில், குணசாலியான பெண்ணைப் புகழும் வேதாகமப் பகுதியான நீதிமொழிகள் 31-ஐ வாசிக்கும்போதெல்லாம் எனக்கு லேசாக வயிற்றைக் கலக்கும். இருட்டோடே எழுந்திருக்கிறாள், இராட்டினத்தில் கை வைக்கிறாள், வயலை விசாரித்து வாங்குகிறாள், இரவிலும் அவள் விளக்கு அணைவதில்லை. நாலரைக்கு எழுந்து இட்லி ஊற்றி, சட்னி தாளிக்கும்போதே சின்னவனுக்கு ஓய்வுநாள் பள்ளி மனப்பாட வசனத்தைச் சொல்லிக்கொடுத்து, சேலை மடிப்பைப் பிடித்தபடி ஓடிவந்து ஆலயத்தில் இரண்டாம் மணி அடிக்கும் முன்னால் உட்கார்ந்தவளிடம் "இவளைப் போல இரு" என்றால் எப்படி இருக்கும்?

அந்தப் பகுதியை ஒரு நாளின் டைம்டேபிளாக எடுத்துக்கொள்வதுதான் நாம் செய்யும் முதல் தவறு. 10-ஆம் வசனம் முதல் 31 வரை மொத்தம் 22 வசனங்கள். எபிரெய எழுத்துகளும் 22. ஒவ்வொரு வசனமும் வரிசைப்படி அடுத்த எழுத்தில் தொடங்கும், நம் அகரவரிசைப் பாட்டு மாதிரி. ஒரு பெண்ணின் வாழ்நாள் முழுவதையும் எழுத்துக்கு ஒரு வரியாகக் கோத்த புகழ்ப்பாட்டு அது. அவள் திராட்சத்தோட்டம் நட்டதும் துணி விற்றதும் ஒரே செவ்வாய்க்கிழமையில் நடந்ததாக யாரும் சொல்லவில்லை. இன்னொன்று, 15-ஆம் வசனத்தின் கடைசியைக் கவனியுங்கள்: "தன் வேலைக்காரிகளுக்குப் படியளக்கிறாள்." அவளுக்கு ஆள் இருந்தது! நான் கேட்ட பிரசங்கங்களில் ஒருவரும் அந்த வரியில் நின்றதில்லை.

அடுத்தது, அலுவலகத்தில் "சாட்சி" என்ற பெயரில் நடப்பது. நாம் முணுமுணுத்தால் கர்த்தருடைய பெயர் கெட்டுவிடும் என்று நினைத்து மற்றவர்கள் தள்ளிவிடும் வேலையையும் வாங்கிக்கொள்கிறோம். சட்டம் கொடுத்த விடுப்பைக்கூடக் கூச்சத்தோடு கேட்கிறோம். 2017-ல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தியதிலிருந்து முதல் இரண்டு பிள்ளைகளுக்குச் சம்பளத்தோடு 26 வாரம் விடுப்பு உண்டு. 50 பேருக்குக் குறையாமல் வேலை பார்க்கும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும், தாய் ஒரு நாளைக்கு நான்கு முறை போய்ப் பார்க்கலாம். இதையெல்லாம் கேட்டு வாங்குவதால் எந்தச் சாட்சியும் கெடாது.

"நீ ஊழியத்தைப் பார், பிள்ளைகளைக் கர்த்தர் பார்ப்பார்" என்பதும், அதற்கு நேர்மாறாக "பிள்ளை பெற்றவளுக்குப் பொறுப்பு எதற்கு?" என்பதும் ஒரே சபையில் கேட்கும் பேச்சுகள்தான். இரண்டையும் நம்பவேண்டாம். தலைமைப் பொறுப்பில் இருந்து பிள்ளைகள் வழிதப்பிப் போனவர்கள் என்று வேதாகமத்தில் சாமுவேலின் முதலாம் புத்தகம் காட்டுவது ஆசாரியன் ஏலியையும் தீர்க்கதரிசி சாமுவேலையும். இருவருமே அப்பாக்கள்! ஆனாலும் கமிட்டி கூட்டத்துக்குப் போகும் ஆண்களிடம் "பிள்ளைகளை யார் பார்க்கிறார்கள்?" என்று யாரும் கேட்பதில்லை. பெண்களுக்குத் தலைமை ஆகாது என்பவர்களிடம் வாதம் பண்ணி நேரத்தை வீணாக்காதீர்கள். தென்னிந்தியத் திருச்சபையில் 2013-லேயே புஷ்பா லலிதா என்ற பெண் நந்தியால் பேராயத்துக்குப் பேராயராகிவிட்டார். கேட்கவேண்டியது வேறு: கூட்டத்தை ஏன் இரவு ஏழரைக்கு வைக்கிறீர்கள்? பிள்ளைகளுக்குச் சோறு போடும் நேரம் அது. நாங்கள் ஒரு தடவை கேட்டோம். ஞாயிறு ஆராதனை முடிந்தவுடன் வைக்க ஐயர் (எங்கள் சபைப் போதகர்) உடனே ஒத்துக்கொண்டார். அதுவரை யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

வீட்டுக்காரர் பாத்திரம் கழுவினால் "எனக்கு ஹெல்ப் பண்ணினார்" என்று சொல்லும் பழக்கத்தையும் விட்டுவிடலாம். அவரும் அதே தட்டில்தானே சாப்பிட்டார்?

சோர்வை ஜெபக்குறைவு என்று முடிவு கட்டுவதை மட்டும் லேசாக விடமுடியாது. பிரசவத்துக்குப் பிறகு ராத்திரியெல்லாம் காரணமில்லாமல் அழும் பெண்ணை உபவாச ஜெபத்துக்கு அழைத்துப் போகிறார்கள், டாக்டரிடம் அழைத்துப் போவதில்லை. ஜெபம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வேதாகமத்தில் எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் படுத்துக்கொண்டு சாகவேண்டும் என்று கேட்டபோது தூதன் என்ன செய்தான்? கண்டிக்கவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான். எலியா சாப்பிட்டுவிட்டுத் திரும்பவும் படுத்துக்கொண்டான். தூதன் இரண்டாம் தரமும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். தூக்கமும் சாப்பாடும்தான் முதல் சிகிச்சை. இரண்டு வாரம் தாண்டியும் அழுகை நிற்கவில்லையென்றால், அல்லது உயிரை விடும் எண்ணம் ஒரு தடவை வந்தாலும், டாக்டரைப் பார்க்கவேண்டும்.

கடைசியாக என் சொந்தத் தவறு. ஆறு வருடம் பெண்கள் ஐக்கிய சங்கச் செயலாளராக இருந்தேன். அசனத்துக்கு, அதாவது சபையார் எல்லோரும் சேர்ந்து சாப்பிடும் விருந்துக்கு, வேண்டிய பாத்திரங்கள் இருக்கும் அறையின் சாவி எப்போதும் என் கைப்பையில்தான். பள்ளிக்கூடத்தில் விடைத்தாள் திருத்தும்போதும் அது பக்கத்திலேயே கிடக்கும். ஒரு தங்கச்சி இரண்டு முறை வந்து, "அக்கா, ஒரு டூப்ளிகேட் போட்டு வச்சிக்கிடுவமா?" என்று கேட்டாள். "நானே பாத்துக்கிடுதேம்மா" என்று அனுப்பிவிட்டேன். அதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது, மறைப்பானேன். எல்லாவற்றையும் ஒருவரே செய்தால் தொய்ந்துபோவீர் என்று மோசேக்கு மாமனார் எத்திரோ சொன்னதைப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவளும் நான்தான்.

ஒரு வருடம் அசனத்துக்கு முந்தின நாள் எனக்கு நூற்றிரண்டு டிகிரி காய்ச்சல். சாயங்காலம் என் தலைமாட்டில் ஐந்து பேர். அண்டா எத்தனை எடுக்க? பருப்பு எத்தனை கிலோ? பெரிய கரண்டி எங்கே? என் மகள் நெற்றியில் போட வைத்திருந்த ஈரத்துணியைக் கையில் வைத்துக்கொண்டு, அவர்கள் முடிக்கட்டும் என்று ஓரமாக நின்றுகொண்டிருந்தாள்.

இப்போது சாவி ஆலய உடுப்பறையில் ஆணியில் தொங்குகிறது. பக்கத்திலேயே அளவுகள் எழுதிய ஒரு அட்டை. போன அசனத்தில் இரண்டு கரண்டி காணாமல் போனது. நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருக்கத்தான் ரொம்பக் கஷ்டப்பட்டேன்.